வீட்டில் சாம்பிராணிப் புகை: குழந்தைக்கு வீசிங், அத்தைக்கு வெள்ளிக்கிழமை. என்ன செய்வது?

மூன்றாம்மாடி | வெள்ளி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் முதல் இழை தொடங்குகிறேன்.

எங்களுடையது அடுக்குமாடி வீடு. பூஜை அறை என்று தனியாகக் கிடையாது, ஹாலில் ஓர் அலமாரிதான். காலை ஐந்தரைக்கு விளக்கேற்றி, ஒரு ஊதுபத்தி கொளுத்தி, அதன் முன்னாலேயே இருபது நிமிஷம் கண்ணை மூடி உட்காருவேன். பத்து வருஷப் பழக்கம். அந்த வாசனை மூக்கில் ஏறினால்தான் மனசு அடங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தையின் முறை. கொட்டாங்குச்சியைக் கேஸ் அடுப்பில் சுட்டுத் தணலாக்கி, தூபக்காலில் போட்டு, சாம்பிராணி தூவி, ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டு வருவார். கட்டிலுக்கு அடியைக்கூட விடமாட்டார்.

போன மாதம் ஆறு வயது மகளுக்கு வீசிங் என்று டாக்டர் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வியே "வீட்டில் பத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி உண்டா?" என்பதுதான். கொசுவர்த்தியை அன்றே தூக்கிப் போட்டுவிட்டோம். மற்ற இரண்டில்தான் சிக்கல். இன்றைக்கு நான் ஜன்னலைத் திறந்தேன், அத்தை மூடினார். "வெளியே போகிற புகையை எதற்கடி போடணும்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாக்குவாதம் செய்யவும் வாய் வரவில்லை, காலையில் கொளுத்துகிறவள் நானே அல்லவா.

புகை இல்லாமல் செய்தால் பூஜை குறைபடுமா? இதை வீட்டில் யாராவது சமாளித்திருக்கிறீர்களா? "எல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இழை பார்க்கவும்.

கேள்விக்குறி | வெள்ளி, இரவு 9:52

வேறு இழை பார்க்கச் சொன்னதால் இங்கேயே எழுதுகிறேன். புகை என்றால் புகைதான். சாமி பேரைச் சொன்னால் நுரையீரல் விட்டுவிடுமா?

தாழ்வாரம் | வெள்ளி, இரவு 10:15

தம்பி கேள்விக்குறி, அந்தப் பெண் கேட்டது வேறு.

அம்மா மூன்றாம்மாடி, உன் அத்தை கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கும்பகோணத்துப் பக்கத்து வீட்டில் முற்றம் உண்டு, மேலே ஓடு. மாமியார் தூபக்காலை எடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்து முடிப்பதற்குள் முன்னால் போட்ட புகை ஓட்டு இடுக்கு வழியாகப் போயே போய்விடும். ஜன்னலைச் சாத்தினாலும் அந்த வீட்டில் காற்று நிற்காது. அதனால்தான் அந்தத் தலைமுறைக்கு "மூடிவைத்துப் போடு" என்று பழக்கம். உங்கள் மூன்றாம் மாடியில் கான்கிரீட் கூரை, அலுமினியச் சட்டம் போட்ட ஜன்னல், கொசுவலை. அதை மூடினால் டப்பாவை மூடின மாதிரி. அத்தையிடம் இதைச் சொல்லிப் பார். தப்பு அவர் பேரில் இல்லை, வீட்டின் பேரில் என்று சொன்னால் கேட்பார்.

பால்கனிப்புறா | வெள்ளி, இரவு 11:03

என்னிடம் காற்றுத்தரம் பார்க்கிற சின்ன மீட்டர் ஒன்று இருக்கிறது. ஆய்வகக் கருவி அல்ல, அதனால் எண்ணை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டாம். ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சரியாகக் காட்டும். பத்துக்குப் பத்து அறையில் கதவையும் ஜன்னலையும் மூடி ஒரே ஒரு ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதக்கிற மிக நுண்ணிய துகள்களின் அளவு, பத்து நிமிஷத்துக்குள் முந்நூறைத் தாண்டியது. பத்தி அணைந்து ஒரு மணி நேரம் ஆகியும் நூறுக்குக் கீழே வரவில்லை. மறுநாள் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்து அதே பத்தி. ஏறியது, ஆனால் அணைந்து கால் மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க: நம் நாட்டில் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த அளவு 15. ஒரு மணி நேரம் ஏறுவதையும் நாள் முழுக்கச் சராசரியையும் நேராக ஒப்பிடக் கூடாது, தெரியும். ஆனாலும் குழந்தை தூங்குகிற அறை என்றால் நான் யோசிப்பேன்.

இன்னொன்று. "ஒரு பத்தி இத்தனை சிகரெட்டுக்குச் சமம்" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதற்குக் காட்டுகிற ஒரு கணக்கு இது: ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் 45 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் வருகிறது, ஒரு கிராம் சிகரெட்டுக்குச் சுமார் 10. அளந்தது உண்மை. ஆனால் சிகரெட்டை நேராக நெஞ்சுக்குள் இழுக்கிறோம், பத்திப் புகை அறையில் கரைந்து வருகிறது. அதனால் அந்தச் "சமம்" சரிப்படாது.

கேள்விக்குறி | வெள்ளி, இரவு 11:10

சரிப்படாது என்று சொல்லிவிட்டு யோசிப்பேன் என்றும் சொல்கிறீர்கள். இரண்டில் ஒன்று சொல்லுங்கள் சார்.

பால்கனிப்புறா | வெள்ளி, இரவு 11:14

இரண்டும்தான் சார். தேள் பாம்பு அல்ல என்பதற்காகத் தேளைக் கையில் எடுப்பதில்லை.

இரவுப்பணி | சனி, விடியற்காலை 4:30

நான் நர்ஸ், நெஞ்சக நோய் வார்டில் வேலை. டாக்டர் இல்லை, மருந்தெல்லாம் உங்கள் டாக்டர் சொன்னபடிதான்.

பார்த்ததைச் சொல்கிறேன். தீபாவளி முடிந்த வாரம் வார்டு நிரம்புவது எல்லோருக்கும் தெரியும். அதே போல ஆடி வெள்ளி, மார்கழி என்று வந்தால் "சாம்பிராணி போட்டாங்க சிஸ்டர், அப்புறம்தான் இழுக்க ஆரம்பிச்சது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஏற்கெனவே மூச்சுக்குழாய் வீங்கிக் கிடக்கிற குழந்தைக்குக் கொஞ்சப் புகையும் போதும். மற்றவர்களுக்கு இருமல்கூட வராது. அதனால்தான் வீட்டில் "எங்களுக்கு ஒன்றும் ஆகலையே" என்கிற பேச்சு வருகிறது.

சிங்கப்பூரில் சீனர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. 61,320 பேரைப் பல வருஷங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களும் நம்மைப் போல வீட்டில் சாமிக்குப் பத்தி கொளுத்துகிறவர்கள். நெடுங்காலம் அதிகமாகப் பயன்படுத்தியவர்களிடம் மூக்கு, வாய், தொண்டை என்று மேல் சுவாசப் பாதையில் ஒருவகைப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. நுரையீரல் புற்றுநோய் மொத்தத்தில் கூடவில்லை. இதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் பயமுறுத்தும், இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு இன்னொரு கூட்டம் "பார்த்தியா, ஒன்றும் இல்லை" என்னும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

கண்டிப்பாகச் சொல்வது இரண்டு. கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு சாம்பிராணிப் புகையில் முடி காயவைப்பார்களே, அது வேண்டவே வேண்டாம். பச்சைக் குழந்தை தன் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறது. நல்ல பருத்தித் துண்டால் துடைத்தாலே ஈரம் போய்விடும். இரண்டாவது, தணல் இருக்கிற தூபக்காலை மூடிய அறையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, கண்ணில் எரிச்சலும் இல்லை. தெரியாமலே ஆளை முடித்துவிடும்.

ஷிப்ட் முடிகிறது, பிறகு வருகிறேன்.

தாழ்வாரம் | சனி, காலை 7:20

குழந்தைக்குப் புகை காட்டுவது பற்றி எழுதியிருப்பதைப் படித்ததும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. என் இரண்டு பிள்ளைகளையும் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் துணி போட்டு, அடியில் புகை வைத்து, மடியில் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்த முடியில் வருகிற வாசனை இன்னும் கையில் இருக்கிறது. பேத்திக்குச் செய்யவில்லை. மருமகள் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன்.

பத்திக்கடை | சனி, காலை 10:05

முப்பது வருஷம் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தவன். இப்போது மகன் பார்க்கிறான். விற்றவன் வாயாலேயே கேளுங்கள்.

ஊதுபத்தி என்று நீங்கள் வாங்குவது இரண்டு ஜாதி. ஒன்று மசாலா பத்தி. சந்தனத்தூள், வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு, பிசின் எல்லாவற்றையும் பசையோடு பிசைந்து மூங்கில் குச்சியில் உருட்டுவது. பழுப்பாக, தொட்டால் கையில் தூள் ஒட்டும். இன்னொன்று கரிப் பத்தி. கரித்தூளும் மரத்தூளும் ஜிகட் என்கிற பட்டைப் பசையும் சேர்த்து மெஷினில் தேய்த்த கறுப்புக் குச்சி, அதற்கு வாசனையே கிடையாது. அதை வாங்கி சென்ட்டில் முக்கிக் காயவைத்துப் பாக்கெட் போடுவார்கள். சென்ட்டை நீர்க்கவைக்க டிஇபி என்று ஓர் எண்ணெய். பாக்கெட்டைப் பிரிக்கும்போதே ஆளைத் தூக்குகிற வாசனை, கொளுத்தினால் தொண்டைக் கமறல் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஜாதிதான். மசாலா பத்தியிலும் புகை உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் மட்டமான கரிப் பத்தி அளவுக்குக் கமறாது.

"கம்ப்யூட்டர் சாம்பிராணி" கட்டியும் அப்படித்தான். பெயருக்கும் சாமானுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அதில் பெரும்பங்கு கரியும் மரத்தூளும், சாம்பிராணி பேருக்கு. தேய்த்தவுடன் பற்றிக்கொள்கிற கரி வில்லையில் வெடியுப்பு சேர்த்திருப்பார்கள். பற்றவைக்கும்போது பொரி தெறிக்கும், அந்த முதல் புகையும் நெடி அடிக்கும். வெளியே வைத்துப் பற்றவைத்து, மேலே சாம்பல் பூத்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒன்று. "கொசு விரட்டும் ஊதுபத்தி" என்று விற்கிறதைச் சாமிக்கு ஏற்றாதீர்கள். பூச்சிமருந்து கலந்தது என்றால் மத்தியப் பதிவு எண் பாக்கெட்டில் இருக்கவேண்டும். எண் இல்லாததில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. நானும் ஒரு காலத்தில் விற்றிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம்மாடி | சனி, காலை 10:40

பத்திக்கடை ஐயா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். நான் வைத்திருப்பது கறுப்புக் குச்சி! பத்து வருஷமாக "மைசூர் சந்தனம்" என்று நினைத்து சென்ட்டை மோந்துகொண்டு தியானம் செய்திருக்கிறேன்.

அத்தையின் சாம்பிராணி எப்படி? கல் மாதிரி, உடைத்தால் உள்ளே பாதாம் பருப்பு போல வெள்ளைத் திட்டுகள்.

பத்திக்கடை | சனி, காலை 10:58

அது அசல். உங்கள் அத்தைக்குச் சாமான் வாங்கத் தெரியும், அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நிலக்கடலை அளவு போதும், கல்லில் நுணுக்கி ஒரு சிட்டிகை. ஜனங்கள் கைநிறைய அள்ளிப் போடுவார்கள், தணல் அமுங்கிப் போய்க் கரும்புகையாக வரும். நல்ல தணலில் சிட்டிகை போட்டால் வெள்ளையாக எழும்பி வாசனை மட்டும் நிற்கும்.

ஓலைச்சுவடி | சனி, பகல் 12:30

சாம்பிராணி என்றதும் உள்ளே நுழைகிறேன். வீட்டில் என்னைத் திட்டுவதற்கும் இந்தச் சொல்தான், அதனால் உரிமை உண்டு.

நம் அத்தைமார்கள் போடுகிற சாம்பிராணி இந்த மண்ணில் விளைவதே அல்ல. சுமத்ரா பக்கத்து மரத்தின் பிசின். பட்டையைக் கீறிவிட்டால் பால் போல வடிந்து இறுகும், அந்த வெள்ளைத் திட்டுகள் அதுதான். சுமத்ராவின் மேற்குக் கரையில் பரூஸ் என்கிற பழைய துறைமுகம் உண்டு, கர்ப்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போனது. அங்கே லோபு துவா என்ற இடத்தில் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெட்டியது, 1088ஆம் ஆண்டு. முதலாம் குலோத்துங்கன் காலம். வெள்ளிக்கிழமைப் புகைக்குப் பின்னால் கப்பல் இருக்கிறது.

அதற்கு முன்னால் நம்மிடம் இருந்தது அகிலும் குங்கிலியமும். குங்கிலியக்கலய நாயனார் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். திருக்கடவூரில் தினமும் குங்கிலியத் தூபம் போட்டு எல்லாச் சொத்தும் தீர்ந்து, பிள்ளைகள் பட்டினி. மனைவி தாலியைக் கழற்றி நெல் வாங்கி வரச் சொல்லிக் கொடுக்கிறார். மனிதர் வழியில் குங்கிலியப் பொதியோடு வந்த வணிகனைப் பார்த்ததும் தாலியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுகிறார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த அம்மாள் பக்கம்தான் மனசு.

இப்போது மூன்றாம்மாடியின் கேள்விக்கு. தமிழில் என்ன சொல்கிறோம்? தூபம் "காட்டுகிறோம்". தீபம் காட்டுவது போலத்தான் அதுவும். மணியடித்து, மூன்று சுற்று சுற்றிக் கீழே வைத்துவிடுகிறார் அர்ச்சகர். ஒரு நிமிஷம் ஆகுமா? வீட்டில்தான் கொளுத்திச் சொருகிவிட்டு அது தானாக அணைகிற வரை முக்கால் மணி நேரம் விட்டுவிடுகிறோம்.

சும்மாஇரு | சனி, பிற்பகல் 3:15

ஓலைச்சுவடி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வடமொழியில் தீபத்துக்கு "தர்சயாமி", காட்டுகிறேன். தூபத்துக்கு "ஆக்ராபயாமி", முகரச் செய்கிறேன். முகர்வது நாம் அல்ல, சாமி. சாமிக்கு வைக்கிற பூவை நாம் முகர்ந்து பார்க்கமாட்டோம் இல்லையா? அந்தக் கணக்கில் பார்த்தால் பத்தியின் முன்னால் உட்கார்ந்து நாம் இழுத்துக்கொண்டிருப்பதுதான் வினோதம்.

மானசமாகச் செய்கிற பஞ்ச பூஜையில் ஐந்து உபசாரத்துக்கும் ஐந்து பூதம். சந்தனம் நிலம், பூ ஆகாயம், தூபம் காற்று, தீபம் நெருப்பு, நைவேத்தியம் அமுதம், அதாவது நீர். குச்சியும் வேண்டாம் கரியும் வேண்டாம், மனசுக்குள்ளேயே சமர்ப்பணம். இல்லாத உபசாரத்துக்கு நாலு அட்சதை போட்டுவிட்டு மேலே போவது வீட்டுப் பூஜையில் சாதாரணமாக நடப்பதுதான். அதனால் குறைபடுமா என்றால், என் புத்திக்குக் குறைபடாது.

தாழ்வாரம் | சனி, மாலை 5:02

அப்படியா? அப்போது ஆண்டாள் "தூபம் கமழத் துயிலணைமேல் கண்வளரும்" என்று பாடினது? அந்தப் பெண் தூங்குகிற அறையில்தானே புகை? சாமி சன்னிதி இல்லையே அது.

சும்மாஇரு | சனி, மாலை 5:20

மாட்டிவிட்டீர்கள் மாமி. :)

ஓலைச்சுவடி | சனி, மாலை 5:41

மாமி சொல்வது சரி. அகிற்புகையில் கூந்தல் உலர்த்துவது சங்கப் பாட்டிலேயே வருகிறது. வீட்டு வாசனைக்கும் தூபம் போட்டிருக்கிறார்கள், சாமிக்கு மட்டும் என்று நாம் வேலி போட முடியாது. ஆனால் அதே ஆண்டாள் அந்த வரிக்கு முன்னால் "தூமணி மாடத்துச் சுற்றும் விளக்கெரிய" என்கிறாள். மாடம், காற்று வருகிற இடம். தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

தாழ்வாரம் | சனி, மாலை 5:44

தப்பிக்கத்தான் பார்க்கிறீர்கள்.

கேள்விக்குறி | சனி, மாலை 6:10

மாமி இந்த இழையில் ஜெயித்துக்கொண்டு வருகிறார். மாமி, இன்னும் நாலு பாட்டு எடுத்து விடுங்கள், இவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

மட்டுறுத்துநர் | சனி, மாலை 6:25

இழையின் பொருளைத் தவிர வேறு எதற்கும் இங்கே யாரும் தூபம் போட வேண்டாம்.

மூன்றாம்மாடி | சனி, இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. அப்பர் பாட்டு ஒன்று எனக்கே நினைவு வந்தது. "சலம்பூவொடு தூபம் மறந்தறியேன்." திருவதிகையில் வயிற்றுவலியோடு வந்து பாடினது. அதே மூச்சில் "தமிழோடிசை பாடல் மறந்தறியேன்" என்கிறார். அத்தைக்குத் தேவாரம் மனப்பாடம். இதைப் பிடித்துக்கொண்டு பேசலாமா என்று பார்க்கிறேன்.

என் தியானம்தான் இப்போது பிரச்சினை. இன்று காலை பத்தி இல்லாமல் உட்கார்ந்தேன். இருபது நிமிஷமும் காய்கறிக் கணக்குதான் ஓடியது.

சும்மாஇரு | சனி, இரவு 10:30

அது பழக்கம். வாசனை உணர்வு மூளைக்குப் போகிற பாதை மற்றப் புலன்களிலிருந்து வேறு. பார்ப்பதும் கேட்பதும் தாலமஸ் என்கிற நடுவாசலில் நின்று போகும், வாசனை நேராக உணர்ச்சியும் நினைவும் குடியிருக்கிற பகுதிக்கே நுழைந்துவிடும். பத்து வருஷமாக அந்த வாசனை வந்ததும் உட்கார்ந்தீர்கள், இப்போது வாசனை இல்லாமல் உட்கார்ந்தால் மனசு "இன்னும் ஆரம்பிக்கலையே" என்று ஊர் சுற்றுகிறது.

நான் பதினைந்து வருஷமாக உட்காருகிறேன், பிராணாயாமமும் உண்டு. ஆரம்பத்தில் பத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு பிராணாயாமம் செய்வேன். யோசித்துப் பாருங்கள், சாதாரண மூச்சைவிட ஆழமாக, நிதானமாக, உள்ளே நிறுத்தி நிறுத்திப் புகையை இழுத்திருக்கிறேன்! நாற்பது வயதில் காலைத் தொண்டைக் கரகரப்பு வந்த பிறகுதான் புத்தி வந்தது.

இப்போது நான் செய்வது: முதலில் விளக்கு. பத்தியில் கால் பாகம் ஒடித்து ஏற்றித் தூபம் காட்டுவேன். வாயால் ஊதி அணைக்காமல் மணலில் குத்தி அணைத்துவிடுவேன். ஜன்னலைத் திறந்து, குளித்த தலையைத் துவட்டி, துணி மடித்து, ஏதாவது ஒரு சின்ன வேலை. கால் மணி கழித்து வந்து உட்கார்ந்தால் புகை போயிருக்கும், வாசனை மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும். மனசுக்கு அந்த மிச்சமே போதும். சொல்லப்போனால் அதுதான் சுகம். மூக்கு தேடிக்கொண்டு போகிறது, அந்தத் தேடலில் மூச்சு தானாக நிதானப்படுகிறது.

ஜப்பானில் ஜென் மடங்களில் ஒரு குச்சி எரிகிற நேரம்தான் ஒரு அமர்வு, சுமார் நாற்பது நிமிஷம். கடிகாரத்துக்குப் பதில் அது. நம்மிடம் போன் இருக்கிறது, குச்சிக்கு அந்த வேலை வேண்டாம்.

இரவுப்பணி | சனி, இரவு 11:50

சும்மாஇரு சொன்ன முறை நல்லது. ஒரு எச்சரிக்கை. புகை வேண்டாம் என்று பலர் வாசனை எண்ணெய் டிஃப்யூசர் வாங்குகிறார்கள். வீசிங் இருக்கிற சில குழந்தைகளுக்குப் புகையே இல்லாவிட்டாலும் தூக்கலான வாசனை ஆகாது. பாப்பா பள்ளிக்குப் போயிருக்கும்போது ஒரு நாள் வைத்துப் பாருங்கள், வந்தபிறகு அவள் இருமுகிறாளா என்று கவனியுங்கள். இன்ஹேலரை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

வேப்பங்கொழுந்து | ஞாயிறு, காலை 8:00

புதிதாக வந்தேன். மூங்கிலை எரிக்கக் கூடாது, வம்சம் அழியும் என்று சாஸ்திரம். அதனால் ஊதுபத்தியே வேண்டாம், பசுஞ்சாண தூபம்தான் சிறந்தது. புகையே வராது, ஆக்சிஜன் வரும்.

ஓலைச்சுவடி | ஞாயிறு, காலை 8:35

வடமொழியில் "வம்ச" என்ற சொல்லுக்கு மூங்கில் என்றும் குலம் என்றும் பொருள். கணுக்கணுவாக வளர்வதால் ஒரே சொல். அந்தச் சிலேடையிலிருந்து வந்த பேச்சு இது. மூங்கில் எரிக்க மனசு ஒப்பாதவர்கள் குச்சி இல்லாத தூபக் கட்டி வாங்கிக்கொள்ளலாம், அது அவரவர் இஷ்டம். ஊதுபத்தி வைக்கிற வீடுகளில் வம்சம் அழிந்திருந்தால் இந்த இழையில் எழுத ஆள் இருந்திருக்காது.

பால்கனிப்புறா | ஞாயிறு, காலை 8:50

எதை எரித்தாலும் ஆக்சிஜன் செலவாகும், வராது. சாண வில்லையை மீட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஊதுபத்தியைவிட மோசம்.

பத்திக்கடை | ஞாயிறு, காலை 11:20

தீ பற்றி யாரும் பேசவில்லை. ஹாலில் அலமாரிக்குள் பூஜை என்றால் மேல்தட்டு எவ்வளவு உயரம்? பிளைவுட் அலமாரியில் விளக்குக்கு மேலே கறுத்துப் போயிருக்கும் பாருங்கள். பத்தியை வாழைப்பழத்தில் குத்துகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழம் கனிந்து தொய்ந்தால் குச்சி சாயும். என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் அப்படிச் சாய்ந்து, சாமிக்குக் கட்டியிருந்த ஜரிகைத் துணி, பிளாஸ்டிக் பூமாலை, பக்கத்தில் பஞ்சுத்திரிப் பாக்கெட் என்று வரிசையாகப் பிடித்துவிட்டது. அம்மாள் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். பித்தளை டம்ளரில் மணல் போட்டுக் குத்துங்கள், சாம்பலும் அதிலேயே விழும்.

அத்தைக்கு வேண்டுமானால் மின்சாரத் தூபக்கால் கிடைக்கிறது. மெல்லச் சூடாகும். பிசின் கருகாமல் உருகி மணக்கும், புகை குறைவு. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், தணலில் போட்டுப் பழகிய கைக்கு அது பிடிக்காது. வாங்கிப் பரணில் போட்டவர்கள் நிறையப் பேர்.

மூன்றாம்மாடி | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 8:55

எல்லோரும் என்ன ஆயிற்று என்று தனிமடலில் கேட்டதால் எழுதுகிறேன்.

மின்சாரத் தூபக்கால் வாங்கினேன். பத்திக்கடை ஐயா சொன்னபடியே பரணில் இருக்கிறது. அத்தை அதைப் பார்த்து "இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கு" என்றார், அதோடு சரி.

அப்பர் பாட்டை நான் எடுப்பதற்குள் வேறு ஒன்று நடந்தது. தாழ்வாரம் மாமி எழுதினதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன், ஓட்டு இடுக்கு வழியாகப் புகை போகிற இடம் வரை. கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வீட்லயும் ஓடுதான்" என்றார். மறு வெள்ளி தணலைத் தானே சமையலறையிலேயே வைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொன்னார். சாமிக்கு மட்டும் காட்டிவிட்டு நேராகப் பால்கனிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. அந்த நேரத்தில் மகளைக் கீழே விளையாட அனுப்பிவிடுகிறேன்.

ஆனால் கட்டிலுக்கு அடியில் காட்டுவதை விடவில்லை. செவ்வாய்க்கிழமை, அவள் பள்ளிக்கும் நான் ஆபீசுக்கும் போன பிறகு நடக்கிறது என்று நினைக்கிறேன். மாலையில் வந்தால் மெத்தையில் லேசாக மணக்கிறது. கேட்கவில்லை. வீசிங் இந்த மூன்று வாரத்தில் ஒரு தடவைதான் வந்தது. அன்றைக்கு எதிர் வீட்டில் பெயின்ட் அடித்தார்கள், அதனால் எது காரணம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம்.

என் பங்குக்குக் கறுப்புக் குச்சிகளை எல்லாம் போட்டுவிட்டு மசாலா பத்தி வாங்கினேன். கால் பாகம் ஒடித்துத்தான் ஏற்றுகிறேன். காய்கறிக் கணக்கு இன்னும் ஓடுகிறது. ஆனால் இப்போது பத்தாவது நிமிஷத்தில் நிற்கிறது.

ஓலைச்சுவடி அண்ணா, சுமத்ரா கல்வெட்டு விஷயத்தைக் கேட்டதிலிருந்து அத்தை சாம்பிராணிக் கல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அந்த ஊருக்குக் கப்பலில் போக எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.